கை இல்லாத குழல்காரன்

இது சத்தியமாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில். நம்பாதவர்களிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஒரு காலத்தில் நானும் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போன ஆள்தான்.

விற்பனைக்கு வரும் பழம்பொருட்களைப் படம் எடுப்பது என் வேலை. அன்று ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், வெண்கலச் சிலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். புல்லாங்குழல் வாசிக்கும் இளைஞன். முழ உயரம். இரண்டு கைகளும் மணிக்கட்டோடு உடைந்து போயிருந்தன. குழல் மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் மகள் இறந்துபோய் அப்போது நான்கு மாதம். ஒன்பது வயது. பக்கத்து அறைக்குப் போகக்கூடத் துணை கேட்பவள். "அங்க அவளுக்கு யாருங்க துணை?" என்று என் மனைவி தினமும் கேட்பாள். மனைவி புல்லாங்குழல் டீச்சர். மகளுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். மகள் போன பிறகு மனைவி குழலைத் தொடவே இல்லை.

மதியம் 2.40. சிலையைச் சுழல்மேசையில் வைத்தேன். லேசாகத் திருப்புவேன், ஒரு படம். க்ளிக்.

மூன்றாவது படத்தில் குழல்மேல் ஏதோ நிழல். விளக்கை நகர்த்தினேன். க்ளிக். நிழல் போகவில்லை.

அடுத்த படத்தில்... விரல்கள்.

நிமிர்ந்து சிலையைப் பார்த்தேன். மொட்டை மணிக்கட்டு. திரையைப் பார்த்தேன். சின்னச் சின்ன விரல்கள். வெண்கலம் இல்லை... சதை.

க்ளிக். ஒரு விரல் தூக்கியிருந்தது. க்ளிக். இப்போது வேறொன்று. எடுக்க எடுக்க, படத்துக்குப் படம் விரல்கள் மாறிக்கொண்டே வந்தன.

வலது ஆள்காட்டி விரலில் கறுத்த நகம். அது கதவில் நசுங்கிய அன்று, நான்தான் ஊதி ஊதி விட்டேன்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"குழலை எடுத்துக்கிட்டு வா."

"எதுக்குங்க?"

"வாயேன்."

வந்தாள். படங்களை வரிசையாகப் பார்த்தாள். அழவில்லை. அந்த விரல்கள் இருந்தபடியே தன் விரல்களை வைத்து வாசித்தாள். திக்கித் திக்கி ஒரு மெட்டு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லைங்க. எனக்கே தெரியாத மெட்டு."

வாசலில் பெரியவர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. முகத்தில் ரத்தமே இல்லை.

"இதை உனக்கு யாரும்மா சொன்னது?"

மனைவி குழலை இறக்கினாள்.

"என் பையன் போட்ட மெட்டும்மா இது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே போட்டான். யாருக்கும் வாசிச்சுக் காட்டல. நான் ஒருத்தன்தான் கேட்டிருக்கேன். முடிக்கறதுக்குள்ள போயிட்டான்... இந்தச் சிலை அவனோடதுதான்."

படங்களைக் காட்டி, இறந்துபோன எங்கள் மகளின் விரல்கள் என்று சொன்னோம். அந்தச் சின்னக் கைகளை வெகுநேரம் பார்த்தார்.

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா... உங்க பையன் கோவக்காரரா? சொல்லிக்கொடுக்கறப்ப எம் பொண்ணை யாராவது அதட்டினா அவளுக்குக் கை நடுங்கும்."

பெரியவர் தன் இன்னொரு கையை அவள் கைமேல் வைத்தார்.

"இல்லம்மா. ரொம்பப் பொறுமைசாலி."