பதுவைக்கு எந்தக் கப்பல்?

தங்கை மலேரியாவில் பிழைத்தால் பதுவை அந்தோணியார் கோவிலுக்கு வருவதாக நேர்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். என் நர்ஸ் சம்பளமும் சேர்ந்துவிட்டது.

இத்தாலிக்கு வழி கேட்க இன்று ஈப்போவில் கப்பல் டிக்கெட் கடைக்குப் போனேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே டிக்கெட் எழுதும் கிராணி பேனாவை எடுத்துவிட்டார். "ஊருக்கா அக்கா? நாகப்பட்டினம், மலிவு டெக்கு டிக்கெட்டுதானே?"

"அது எங்கப்பா ஊரு. நான் பொறந்தது காம்பார் எஸ்டேட்டுல. பதுவை அந்தோணியாருக்கு நேந்திருக்கேன், இத்தாலி போகணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கிராணியும் விடவில்லை. "அந்தோணியாரு இங்கயும் இருக்காருலா. இல்லாட்டி நாகப்பட்டினத்துல எறங்கி வேளாங்கண்ணி போலாமே."

"மாதாவுக்கு நான் நேந்துக்கலையே. வழியச் சொல்லுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். பினாங்கில் ஏறி, கொழும்பு, சூயஸ் தாண்டி ஜெனோவாவில் இறங்கினால், அங்கிருந்து நெடுந்தூரம் ரயிலில் போக வேண்டும். வெனிசில் இறங்கினால் பதுவை பக்கம்தான். ஆனால் அந்தக் கப்பல் எப்போதாவதுதான் வரும்.

"பாஷ தெரியாத ஊருலா. தனியாப் போயி தொலைஞ்சு போயிட்டா?"

"தொலைஞ்சதத் தேடிக் குடுக்குறவருகிட்டதானே போறேன் அண்ணே!"

கிராணி இரண்டு வழியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஜெனோவாவா, வெனிசா? நீங்களே சொல்லுங்கள். நாகப்பட்டினம் என்று சொல்பவரை நானே டெக்கில் ஏற்றிவிடுவேன்.