சரிவுக்கு வெட்டிய கால்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு மர ஸ்டாண்டு இருக்கிறது. மூன்றடி நீளம், இடுப்பளவு உயரம், கனத்த அயினி மரம். மீன்தொட்டிக்காகச் செய்தது. இப்போது அதன் மேல் மீன்தொட்டி இல்லை, சோற்றுக் குக்கரும் குடிதண்ணீரும்தான் இருக்கின்றன. இங்கே கொண்டுவந்த புதிதில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. என்னோடு டைல்ஸ் வேலை பார்க்கும் வள்ளியூர்க்காரர் ஒருநாள் அதில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. "அண்ணாச்சி, இது ஸ்டாண்டா, சறுக்குமரமா? தரை போடுத ஆளு ரூம்லயே இப்படி ஒரு சாமானா? கட்டர எடுத்துட்டு வாறேன், நீளக் கால் ரெண்டையும் ஒரு விரக்கடை எடுத்தா சோலி முடிஞ்சுது" என்றார். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேச எனக்குச் சிறுவயது முதலே வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது அக்காவை நம்பித்தான். அத்தான் அங்கே சாலை என்ற கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கரமனைப் பக்கம் அவர்கள் சின்னதாக ஒரு வீடு கட்டியபோது, அவர்களோடு இருந்த நான் தரைவேலை கற்றிருந்தேன். முன்னறைத் தரையை நான்தான் போட்டேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "லேய், நான் வாளியில கோரி ஊத்துனா தண்ணி தானா வாசலுக்குப் போணும், கேட்டியா. பொறத்தால நின்னு வாரியல வச்சு மல்லுக்கட்ட என்னால ஆவாது." இருக்கிற அறைக்கு யாரும் அவ்வளவு சரிவு வைப்பதில்லை. கட்டில் உருண்டு போய்விடும் என்றேன். "போனா போட்டு, வாசல்ல நின்னு பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். அவள் சொன்னபடியே சரிவு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் பின்கட்டிலிருந்து ஒரு வாளி ஊற்றுவாள். தண்ணீர் முன்னறையைக் கடந்து, வாசற்படி இறங்கி, செம்பருத்திச் செடிக்குப் போய்விடும். அவள் துடைப்பத்தைத் தொடாமல், இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்ப்பாள்.

மீன்தொட்டியும் அவளுடையதுதான். ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூருவுக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று வாங்கிவைத்தாள். ஆரஞ்சு நிற மீன்களோடு அவள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் இருவரிடமும் பேசுவதைவிட அதிகம் பேசுவாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அவள் இருந்தவரை அந்த வீட்டில் நான் தம்பி. அவள் போனபின் நான் யார்? மனைவி இல்லாத வீட்டில் மனைவியின் தம்பிக்கு என்ன இடம்? அத்தான் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் என்னைவிடவும் பேச்சுக் குறைவானவர். சாப்பாட்டு நேரத்தில் "உப்பு இருக்கா?", "இருக்கு அத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அக்காதான் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, அவர் சொல்லாததை எனக்கும் நான் சொல்லாததை அவருக்கும் சொல்லிவந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் சொல்லி நான் போவதைவிட நானாகப் போவது மரியாதை என்று நினைத்தேன். கழக்கூட்டத்தில், என்னோடு வேலை பார்ப்பவர்களின் அறையில் ஓர் இடம் கேட்டுவைத்தேன். துணிமணிகளைப் பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். போகிறேன் என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி இருந்த டிவி மேசை வயிறு தள்ளியது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை அது. தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறி உப்பி நடுவில் தொங்கிவிட்டது. தண்ணீர் மாற்றப்போன நான் கண்டு அத்தானிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, விரலால் அழுத்தினார். பலகை அவல் மாதிரி உதிர்ந்தது. "இது பொட்டுனா மீனெல்லாம் போச்சு" என்றார். நிமிர்ந்தபின், "அவ மீனு" என்றார்.

கடையில் வாங்கும் எதையும் அவர் நம்பவில்லை. பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடத்துக்கு இருவரும் போனோம். ஒரு கதவுநிலையின் அயினிச் சட்டங்கள் கிடைத்தன. மீன்களைப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் வேலை செய்தோம். இரண்டு பேருமே ஆசாரி இல்லை. மேல்சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்துத் திருகாணியால் முடுக்கிவிடலாம் என்றேன். அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "பாரம் மரத்துமேல இருக்கணும்டே, ஆணியில தொங்கப்பிடாது. மண்டியில மூடைய ஆணியிலயா மாட்டுதோம்?" அதனால் கால்களின் தலையில் உளியால் படி வெட்டி, சட்டம் அதில் உட்காரும்படி செய்தோம். இடது கை பெருவிரலை இரண்டு பேருமே காயப்படுத்திக்கொண்டோம். சட்டத்தின் மேல் தடித்த பிளைவுட் பலகை, கால்களுக்குக் குறுக்கே விட்டம் என்று அது ஒரு சின்ன மாட்டுவண்டி கனத்துக்கு வந்துவிட்டது.

முடிந்ததும் அத்தான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். "நீயும் வா, தண்ணி கனத்துக்கு ஒராளு போராது" என்றார். கூச்சத்தோடு ஏறினேன். இரண்டு நடுவயசு ஆண்கள், தரைக்கு எட்டாத கால்களைத் தொங்கப்போட்டு, பலா மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட சேச்சி எட்டிப் பார்த்து, "எங்கோட்டா ரெண்டாளும்?" என்று பயணம் போகிறவர்களிடம் கேட்பதுபோலக் கேட்டார். "திருச்செந்தூருக்கு. பஸ் வந்நில்லா" என்றார் அத்தான், முகம் மாறாமல். அக்கா போனபின் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் வேடிக்கைப் பேச்சு அது.

முன்னறையில் சுவரோரம் வைத்து, தெர்மாகோல் விரித்து, தொட்டியை ஏற்றித் தண்ணீர் ஊற்றினோம். வாசல் பக்கம் தண்ணீர் விளிம்பை ஏறித் தொட்டது, உள்பக்கம் இறங்கி நின்றது. அத்தான் முகம் விழுந்துவிட்டது. "கால் குட்டையாப் போச்சோ?" தண்ணீரை இறைத்துவிட்டு அளந்தோம். நாலும் ஒரே அளவு. ஸ்டாண்டைத் திருப்பிப் போட்டு மறுபடி ஊற்றினோம். அப்போதும் வாசல் பக்கமே சாய்ந்தது. தினமும் தரை போடுகிற எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"மரம் இல்ல அத்தான். தரை. அக்கா கேட்டுல்லா நான் சரிவு வச்சேன்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாளி ஊத்துவா. ஒரே ஓட்டமா ஓடும்" என்றார். நான் தொட்டியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

காலுக்கு அடியில் சின்ன மரச்சக்கை வைத்துச் சமன் செய்யலாம் என்றேன். "சக்கை நழுவும். உள்பக்கத்துக் கால் ரெண்டையும் தரைக்குத் தக்க வெட்டு" என்றார். வெட்டினால் இந்த மூலையைத் தவிர வேறு எங்கும் இது நேராக நிற்காது என்று சொன்னேன். "வேற எங்கயும் நிக்காண்டாம்" என்றார். வெட்டினேன். தண்ணீர் நாலு பக்கமும் ஒரே கோட்டில் நின்றது. மீன்களை விட்டோம். அவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அக்கா வழக்கமாக நிற்கும் பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்தன. அத்தான் கையைத் துண்டில் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கட்டிலுக்கு அடியில கெடக்குத பைய எடுத்துப் பரண்ல போடு. வாரியல் போட்டா தடுக்குது."

பையைப் பரணில் போட்டேன். அதன்பிறகு பல வருஷங்கள் அது கீழே இறங்கவில்லை. நாங்கள் அதற்கப்புறமும் அதிகம் பேசிவிடவில்லை. சாயங்காலம் இருவரும் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவோம். ஒரு மீன் செத்தால் அவர் செம்பருத்திக்கு அடியில் புதைப்பார். மகள் பெங்களூருவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், மீனுக்குத் தண்ணி மாற்ற வேண்டும் என்று தட்டிக்கழித்தார். போன வருஷம் மண்டியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் காப்பியோடு வந்து, தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டை விற்கும்படி ஆயிற்று. மகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. "மாமாக்கு என்ன வேணுமோ எடுத்துக்கிடுங்க, வெக்கப்படாண்டாம்" என்றாள். ஸ்டாண்டைக் கேட்டேன். மீன்களையும் தொட்டியையும் பக்கத்து வீட்டுச் சேச்சிக்குக் கொடுத்தேன். வீட்டை வாங்கியவர்கள் முன்னறைத் தரையைத்தான் முதலில் உடைத்தார்களாம், நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று.

வள்ளியூர்க்காரரிடம் வேண்டாம் என்றேனே, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அறையின் மூலையில் ஸ்டாண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் சிமெண்டு பூசினேன். உள்பக்கம் ஒரு விரல் உயரம், வாசல் பக்கம் ஒன்றுமில்லை. காய்ந்ததும் அதன் மேல் தூக்கிவைத்தேன். குக்கரில் ஊற்றிய தண்ணீர் நாலு பக்கமும் ஒரே கோட்டில் நின்றது.

வெள்ளிக்கிழமை அறையைக் கழுவுகிறேன். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் அது தானாக வாசலைப் பார்த்து ஓடி வரும். மூன்றடிதான். அதற்கப்பால் தரை மட்டம், அங்கே வந்து நின்றுவிடும். மிச்சத்தை நான் பின்னால் நின்று வாரியலால் தள்ளுகிறேன்.