எட்டுப் பீரியடில் உலகம்

மூன்று வாரமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டுக் கார்டு போட்ட அன்பர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. உலகத்துக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே உலகம் முழுவதற்கும்தான் — பனிப் பிரதேசம், பாலைவனம், புல்வெளி, காடு, ஒன்று பாக்கியில்லை. மொத்தம் எட்டுப் பீரியட். பீரியடுக்கு நாற்பத்தைந்து நிமிஷம். படைத்தவன்கூட இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டான்.

எங்கள் பள்ளிக்கூடம் மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் அங்கே பூகோள வாத்தியார் — இரண்டு வருஷமாகத் தற்காலிகம். கல்வி ஆபீசர் வந்து என் வகுப்பைப் பார்த்து, 'இவர் தேறுவார்' என்று ஒரு வரி எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் ஜூன் மாதம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் ஒரு மனைவி, ஒரு கைக்குழந்தை. மூட்டை கொஞ்சம் பெரிசு.

போன வருஷம் வந்த ஆபீசர் எழுதிவிட்டுப் போனது இது: 'பாடம் நன்று. பாடத்திட்டம் இல்லை.' சமையல் பிரமாதம், ஆனால் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று நேற்றே எழுதி ஒட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டு எழுந்து போன விருந்தாளியை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன்.

ஆகவே இந்த வருஷம் பிளான். அதுவும் சாதாரணப் பிளான் இல்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் பத்து நாள் செமினாருக்குப் போய் வந்திருந்தார். குடுமியான்மலைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது ஒரு காக்கிப் பையும் 'யூனிட்' என்ற ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்களுக்குத் தூக்கமில்லை.

“யூனிட்டாத்தான் நடத்தணும் சார். உலகப் பிரதேசங்கள்னு ஒரே யூனிட். நாலு காலம் போட்டு எழுதுங்க.”

நாலு காலம் என்றால் கோடு கிழித்து நாலு பத்தி — நோக்கம், துணைக்கருவி, ஆசிரியர் கேட்கும் கேள்வி, மாணவர் சொல்லும் பதில். நாலாவதில் எனக்குப் பேனா நின்றுவிட்டது.

“பிள்ளைங்க சொல்லப்போற பதிலை நான் எப்படி சார் இப்பவே எழுதுறது? அவங்க இன்னும் சொல்லலையே!”

“நீங்க எழுதுங்க. எழுதினபடி அவங்க சொல்வாங்க.”

இதைத்தான் ஜோசியர்களும் சொல்கிறார்கள். ஆனால் அவர்களை யாரும் நிரந்தரம் ஆக்குவதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு பிரதேசத்தையும் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஆர்வம் பிறக்குமாம். “எடுத்த எடுப்பிலேயே தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் நீங்க எதுக்கு, நான் எதுக்கு?” என்றார் ஹெட்மாஸ்டர். நியாயமான கேள்வி. 

எழுதினேன். தூந்திரப் பிரதேசத்தில் வசிப்பவர் யார்? தெரியாது. வெட்டவெளிப் புல்வெளியில் என்ன விளைகிறது? தெரியாது. இதெல்லாம் சுலபம். எங்கள் கரையில் எஸ்கிமோவைப் பார்த்தவன் எவன்? நிஜமாகவே தெரியாது. இலவம்பஞ்சை ஒட்டி ஒரு பனி வீடுகூடச் செய்துவைத்தேன். வேர்வை வழிய வழிய ஒட்டினேன்.

ஐந்தாவது பீரியடில் வந்தது வம்பு — பூமத்திய ரேகைப் பிரதேசம். உதாரணம்: மலேயா.

நீங்களே சொல்லுங்கள். மலேயா தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? எட்டாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப்பேருக்கு அப்பாவோ அண்ணனோ வாப்பாவோ அங்கேதான். பினாங்குக் குடை, பினாங்குத் தகரப்பெட்டி, பினாங்குத் தைலம். பினாங்கிலிருந்து தபால் வராத வாரம் தெருவே உம்மென்று இருக்கும். இந்தப் பிள்ளைகளிடம் போய், 'ரப்பர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டு, 'தெரியாது' என்ற பதிலை வாங்க வேண்டும்!

ஒத்திகை பார்த்தேன். ஆமாம், பாடத்துக்கு ஒத்திகை. வெட்கக்கேடுதான், என்ன செய்வது?

“ரப்பர் எங்கிருந்து வருகிறது?”

முப்பத்திரண்டு கையும் மேலே. “மலேயா சார்! எங்க வாப்பா...” “எங்க மாமா சார்...” சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூச்சலில் பாக்கியம் மட்டும் நிதானமாக எழுந்தாள். பத்து வருஷமாக ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா வேலை செய்கிறார். அவர் எழுதுகிற கடிதங்களை அம்மாவுக்குப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் அவள்தான்.

“விடியறதுக்கு முந்தியே பால் வெட்டப் போயிரணும் சார். வெயில் ஏறிட்டா பால் நின்னுரும். மழை பெஞ்சா மரம் நனைஞ்சிரும், அன்னைக்கு வெட்ட மாட்டாங்க. அங்க மழைக்கு நேரங்காலமே கிடையாதாம் சார்.”

புத்தகத்தில் 'மலேயாவில் மழை மிகுதி' என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். அந்த மழை விழுந்தால் ஒருத்தன் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நான் அவளுக்குக் கைதட்டியிருக்க வேண்டும்.

என்ன சொன்னேன் தெரியுமா? “உட்காரு. தெரியாதுன்னு சொல்லணும்.”

பாக்கியம் உட்காரவில்லை. வாதாடவும் இல்லை. “எந்தெந்தக் கேள்விக்குத் தெரியாதுன்னு சொல்லணும்னு எழுதிப் போட்டிருங்க சார், மனப்பாடம் பண்ணிர்றோம்” என்றாள். கிண்டலே கிடையாது. நல்ல பெண், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே! கடைசியில், சந்தேகம் வந்தால் எதற்கும் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். எனக்கு என் மூட்டைதான் கண்ணில் நின்றது.

ஆபீசர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை எஸ்கிமோ, பனி வீடு தயார். மனுஷர் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளிக்கிழமை மலேயா. “எஸ்கிமோவையே இன்னொரு தரம் நடத்திடவா சார்?” என்று ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினேன். “பிளான்ல தேதி போட்டிருக்கே!” என்றார்.

ஆபீசர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நின்றார். என் பிளான் ஆபீசர் கையில். ஒரு விரலை நாலாவது காலத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

“ரப்பர் எங்கிருந்து வருகிறது?”

“தெரியாது சார்!” — முப்பத்திரண்டு குரலும் ஒன்றாக. கூரை ஓட்டில் இருந்த குருவி பறந்தது. ஆபீசர் விரல் ஒரு கட்டம் கீழே இறங்கியது. எனக்கு உயிர் வந்தது.

அத்தோடு விட்டாரா? மனுஷருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் பக்கம் வந்தார். “மலேயா எந்தத் திசையில் இருக்கிறது?” பிளானில் இல்லாத கேள்வி! பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். “தெரியாது சார்!” “கப்பலில் போக முடியுமா?” “தெரியாது சார்!” நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டுக் கையாட்டிய பிள்ளைகள் ஐயா அவை!

ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு இரக்கம். முன்வரிசையில் இருந்த பாக்கியத்திடம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சரிம்மா... உங்கப்பா எங்கே இருக்கார்?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள். கேள்வி பட்டியலில் இல்லை. நான் தலையை ஆட்டியிருக்கலாம். 'சொல்லும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் டஸ்டரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன் — எழுதாத பலகையை.

“தெரியாது சார்.”

 ஒரு பிள்ளை சிரிக்கவில்லை.

ஆபீசர் எழுதினார். பக்கம் நிறைய எழுதினார். மறுநாள் பிரேயரில் ஹெட்மாஸ்டர் அதைப் பெருமையாக உரக்கப் படித்தார். 'இக்கடலோர மாணவர்களுக்கு உலக அறிவு அறவே இல்லை. சொந்தக் குடும்பத்தைப் பற்றிய விவரம்கூட அறியாதவர்களாக உள்ளனர். இத்தகைய மாணவரிடையே இவ்வாசிரியர் அரும்பாடு படுகிறார். திட்டம் மிகச் சிறப்பு. நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்.'

எல்லோரும் கைதட்டினார்கள். அறவே அறிவில்லாத அந்த முப்பத்திரண்டு பேரும் சேர்ந்துதான் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மாள் நின்றார். பாக்கியத்தின் அம்மா. கருவாட்டுக் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

“பாக்கியத்தை இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன் சார்.”

“ஏம்மா? நல்லாப் படிக்கிற பொண்ணு!”

“என்னத்தைப் படிக்கிறா? பெரிய ஆபீசர் வந்து, இவளுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாமே! அப்பன் எங்க இருக்கான்னுகூடத் தெரியாதுன்னு சொன்னாளாம். எட்டு வருசம் படிச்சு அதுகூடத் தெரியலைன்னா அந்தப் படிப்பு என்னத்துக்கு சார்? என்கூடக் கூடை தூக்கட்டும்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அழுதுகொண்டே சொன்னார்.  பொய் சொல்ல வழியில்லை.

“அவளுக்கு எல்லாம் தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சதைவிட அதிகமாத் தெரியும். நான்தான் எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருந்தேன். என் வேலைக்காக.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப... நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னாளா?”

“ஆமாம்மா.”

“ஒண்ணும் மாத்திச் சொல்லலையே?”

“ஒரு வார்த்தை மாத்தலை.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அப்ப நல்லாத்தான் படிக்கிறா! நான் ஒரு கூறுகெட்டவ, யாரோ சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்துட்டேன். அவ படிக்கட்டும் சார், நீங்க இப்படியே சொல்லிக் குடுங்க. வாரேன்.” கூடையைத் தூக்கிக்கொண்டு, நிம்மதியாகப் போய்விட்டார்.

நேற்றுத் தபாலில் ஆர்டர் வந்தது. இனிமேல் என்னை யாராலும் வேலையைவிட்டு எடுக்க முடியாதாம். நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.