கண்மாயில் கவிழ்த்த படகும் நான் கொடுத்த புகாரும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாத சாயங்காலம். அந்த வருடம் மழை வஞ்சனையில்லாமல் பெய்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற கண்மாய்களெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. நான் இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகவியல் பேராசிரியை. வீடு ராஜபாளையத்தில். வேலை முடிந்து ஸ்கூட்டரில் கண்மாய்க் கரை வழியாக வந்துகொண்டிருந்தேன்.

தண்ணீர்ப் பக்கம் ஒரே கூச்சல். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஒல்லியாக, நீளமாக ஒரு படகு. அதில் ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். மார்பளவு தண்ணீரில் படகைச் சுற்றி நாலைந்து மாணவர்கள் நிற்கிறார்கள். ஒரு பெண் கையை அசைத்தாள். அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்து படகைப் புரட்டிவிட்டார்கள். பையன் தலைகீழாக உள்ளே போய்விட்டான். சிறிது நேரம் கழித்து அவன் இருமிக்கொண்டே மேலே வந்தான். உடனே எல்லோரும் கைதட்டி, விசில் அடித்து, அவன் மேல் தண்ணீரை வாரி இறைத்தார்கள்.

பனியன்களில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர். கையை அசைத்த பெண் இறுதியாண்டு மாணவி, முகம் தெரிந்தவள்தான். பையனை முதலாண்டு வகுப்பில் பார்த்திருக்கிறேன். நானோ ராகிங் தடுப்புக் குழுவில் உறுப்பினர். சும்மா விடுவேனா? வீட்டிலேயே எனக்கு ‘சி.ஐ.டி.’ என்று பட்டப்பெயர் உண்டு. செல்போனை எடுத்து அத்தனையையும் வீடியோ பிடித்தேன். கரையிலிருந்து இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செருப்பில் சேறு ஒட்டும் என்று போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புகார் எழுதி, வீடியோவையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். மறுநாளே அந்தப் பெண்ணை வகுப்புக்கு வரக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. ராகிங் என்று முடிவானால் பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கிவிடுவார்கள். அவள் வத்திராயிருப்பில் நெல் போடுகிற ஒரு சின்ன விவசாயியின் மகள். வளாக நேர்காணலில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அதுவும் போய்விடும். எனக்கு அது தெரியும். செய்தால் அனுபவிக்க வேண்டியதுதானே என்று இருந்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் துடுப்புப் படகு கிளப் இருப்பதே எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நகைச்சுவை. வருடத்தில் பாதி நாள் கண்மாயில் ஆடு மேய்கிற சீமையில் படகுப் போட்டிக்குப் பயிற்சியாம். அந்தப் பெண்தான் கிளப்பின் கேப்டன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“மேடம், நான் ஒண்ணும் சொல்ல வரல. இது எங்க கிளப் நோட்டு. ஒம்பது வருசத்துக்கும் இருக்கு. வாசிச்சுட்டு என்ன எழுதணுமோ எழுதுங்க” என்றாள்.

“இதுல என்ன எழுதி வச்சிருக்கீங்க?”

“கண்மாயில தண்ணி எம்புட்டு இருந்துச்சு, படகை யாரு எடுத்தா, எது ஒடஞ்சுச்சு. அம்புட்டுதான் மேடம்.”

பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். விசாரணைக்கு அறிக்கை தயாரிக்க வேண்டியவளும் நானே என்பதால், பழைய குற்றங்கள் ஏதாவது அகப்படுமா என்றுதான் நோட்டைத் திறந்தேன். உள்ளே வேறொன்று இருந்தது.

கிளப்பை ஆரம்பித்தவர்கள் ஏழு மாணவர்கள். ‘இதில் ஆறு பேருக்கு நீச்சல் தெரியாது’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முதல் மாதம் முழுக்கப் படகே கிடையாது. ஒரு பம்புசெட் கிணற்றில் இறங்கி நீச்சல் பழகியிருக்கிறார்கள். பிறகு சென்னையில் ஒரு கிளப் ஒதுக்கிப் போட்ட பழைய படகைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நாலு பேர் துடுப்புப் போட, ஒருவர் எதிரே உட்கார்ந்து வழி சொல்கிற படகு. அதன் நீளத்துக்கு எந்த வண்டியிலும் கொள்ளாது. ராஜபாளையத்தில் பஞ்சு இறக்கிவிட்டுப் போகிற லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, சென்னையிலிருந்து திரும்பி வரும்போது மேலே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ராஜபாளையம் கடைவீதியில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட, சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர், ‘ஏலே, இது என்னலே, ஏரோப்பிளேன் றெக்கையா?’ என்று கேட்டதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

படகில் விரிசல். இங்கே அதைச் சரிசெய்ய யாருக்குத் தெரியும்? பைபர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப்போடுகிறவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் ஒட்டியது இன்றுவரை நிற்கிறது. கண்மாய்க்கு விவசாயிகளிடம் அனுமதி கேட்டபோது அவர்கள் போட்ட நிபந்தனைகளும் இருந்தன. மடை திறக்கிற நாளில் படகு இறங்கக் கூடாது, மீன் பிடிக்கிற நாளில் கரைப்பக்கமே வரக் கூடாது. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் மீறியதாகத் தெரியவில்லை. கண்மாய் வற்றிப்போன மாதங்களில் படகைக் கொட்டகையில் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யனார் கோவில் வரை ஓடியிருக்கிறார்கள். மழையே இல்லாத ஒரு வருடம் முழுவதும் ‘தண்ணீர் இல்லை. ஓட்டம்’ என்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கிளப்பை அந்த வருடமே மூடியிருப்பார்கள்.

சென்னையில் முதல் போட்டி. அதைப் பற்றி இரண்டே வரி. ‘கடைசி. முன்னால் போனவர்கள் கரையேறி டீ குடித்து முடித்த பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஆனால் சேர்ந்தோம்.’

மூன்றாவது வருட நோட்டில் ஓரிடத்தில் கை நின்றது. ‘இன்று ஒற்றைப் படகு கவிழ்ந்தது’ என்று ஒரு வரி. ஒருவர் மட்டும் ஓட்டுகிற படகு ஒன்றையும் அதற்குள் வாங்கியிருந்தார்கள். அதன் பிறகு ஒரு மாதம் வெற்றுப் பக்கங்கள். அடுத்து வேறொரு கையெழுத்தில் சில விதிகள். புதிதாக வருகிறவரைக் கரையோரமாக வைத்துப் படகோடு கவிழ்க்க வேண்டும். படகோடு மாட்டியிருக்கும் காலை உள்ளே அவரே விடுவித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அவர் தன் வாயால் சொல்லும்வரை கவிழ்க்கக் கூடாது. பயந்து திரும்பிப் போனாலும் கேலி செய்யக் கூடாது. பொறுப்பில் இருக்கிறவர் எவராயினும் முதலில் அவர் கவிழ வேண்டும்.

அன்று நான் பார்த்தது இதைத்தானோ என்று தோன்றியது. ஆனாலும் சந்தேகப் புத்தி விடுமா? மாட்டிக்கொண்ட பிறகு எழுதிச் சேர்த்ததாகக்கூட இருக்கலாமே என்று, சனிக்கிழமை காலையில் கண்மாய்க்கே போனேன். இந்தத் தடவை செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு இறங்கினேன்.

கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே, “அந்தப் பிள்ளையப் பத்தி எழுதிக் குடுத்த டீச்சர் நீங்கதானா?” என்றார். ஆமாம் என்றேன். ஒற்றைப் படகு கவிழ்ந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

“அன்னைக்கு நான் லாரி டியூப்புல மெதந்துக்கிட்டு வலை இழுத்துக்கிட்டிருந்தேன். ஒத்தப் படகுல ஒரு பொண்ணு. பாசியில துடுப்பு மாட்டி, படகு பொரண்டுருச்சு. வந்துரும் வந்துரும்னு பாக்கேன், வரல. படகுக்குள்ள பூட்ஸு இருக்கும்லா, அதுல கால் மாட்டிக்கிருச்சு. வலை அறுக்கிற கத்தி கையில இருந்துச்சு, நல்லவேளை. கயித்த அறுத்து மேல தூக்குனேன். செத்த நேரம் மூச்சே இல்ல டீச்சர். பொறவுதான் தண்ணியக் கக்குச்சு.”

அந்தப் பெண் பிழைத்து, அடுத்த வருடம் அவளே கேப்டன் ஆனாளாம். நோட்டில் விதிகளை எழுதியதும் அவள்தானாம்.

“ஒரு மாசம் கழிச்சு அவிய எல்லாரும் வந்தாவ. ‘அண்ணே, கரையோரம் வச்சு நாங்களே கவுத்துப் பழகிக்கிடுதோம், நீங்க பக்கத்துல நிக்கியளா’ன்னாவ. வருசா வருசம் நிக்கேன். அன்னைக்கும் நின்னேன். ஒங்க வீடியோவுல நான் விழலயாக்கும்?”

செல்போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கறுப்பு டியூப்பும் தலைப்பாகையும் தெரிந்தன. பத்துத் தடவையாவது பார்த்த வீடியோ அது. எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் பார்த்ததால் சத்தத்தையும் அமுக்கியே வைத்திருந்தேன். இப்போது சத்தம் வைத்தேன். விசிலுக்கும் கூச்சலுக்கும் முன்னால், அந்தப் பையனின் குரல் கேட்டது. “அக்கா, ரெடி. கவுத்துங்க.”

அப்போது இப்போதைய கேப்டன் பெண்ணும் கொட்டகையைத் திறக்க வந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், “அந்தப் பூட்ஸைக் காட்டும்மா” என்றேன். தரையில் முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒற்றைப் படகில் என்னை உட்காரவைத்தாள். பூட்ஸ் படகோடு சேர்த்து மாட்டியிருக்கிறது. காலை நுழைத்துப் பட்டையை இறுக்கினாள்.

“மேடம், தண்ணிக்குள்ள தலைகீழா இருக்கீங்கன்னு நெனச்சுக்கோங்க. கண்ண மூடிக்கிட்டு, மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கால எடுங்க.”

இழுத்தேன். வரவில்லை. பதறிப்போய் இன்னும் வேகமாக இழுத்தேன். கால் இன்னும் இறுகியது. காய்ந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோய் வியர்த்துக் கொட்டியது. முட்டியை மடக்கிக் குதிகாலைத் தூக்கி, நடுவில் இருக்கிற கயிற்றை ஒரே சுண்டு சுண்டினால் இரண்டு காலும் வந்துவிடும். தெரிந்தவருக்கு இரண்டு வினாடி வேலை. எனக்குத் தெரியாது. மூச்சு முட்டி வாயைத் திறந்தபோது அந்தப் பெண் குனிந்து கயிற்றைச் சுண்டி என்னை விடுவித்தாள். அவள் முகத்தில் கேலியே இல்லை.

திங்கட்கிழமை விசாரணையில் வீடியோவைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினேன். நோட்டைக் காட்டினேன். முதலாண்டுப் பையனும் வந்து, “அக்கா முதல்ல கவுந்து காட்டுனாங்க சார். நான் ரெண்டு நாள் பயந்து திரும்பிப் போனேன். யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள் நானாத்தான் சொன்னேன்” என்றான். நான் எழுந்து நின்று, “என் புகார் தவறு. விசாரிக்காமல் எழுதிவிட்டேன்” என்றேன். இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அதோடு முடியவில்லை. “ராகிங் இல்லைன்னாலும் ஆபத்துதானே? எதுக்கு வம்பு, கிளப்பை மூடிடலாம்” என்றார் ஒரு உறுப்பினர். நாலைந்து தலைகள் ஆடின. கேப்டன் பெண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். தன்னை நீக்கப்போகிறார்கள் என்று மூன்று நாள் கலங்காத பெண்ணுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு உயிர் போகாம இத்தனை வருசம் இவங்க ஓட்டியிருக்காங்கன்னா, நான் குத்தம்னு எழுதின அந்தப் பழக்கத்தாலதான். அதுக்குப் பரிசு இதுவா?” என்று கேட்டுவிட்டேன்.

குழுத் தலைவர் யோசித்தார். ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் கிளப் தொடரலாம் என்றார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். உடனே நான் கையைத் தூக்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நானும் கொஞ்ச நேரம் மேஜையைத்தான் பார்த்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க மேடம். நெசமாவே ராகிங்கா இருந்து, நீங்க கண்டுக்காமப் போயிருந்தா அந்தப் பையன் கதி என்ன? பாத்தா எழுதிக் குடுக்கத்தான் செய்யணும். அடுத்த தடவ கீழ இறங்கி வந்து ஒரு வார்த்த கேட்டுக்கோங்க” என்றாள். என் மகள் வயதுப் பெண். கோபப்படுவதற்கு எல்லா நியாயமும் இருந்தும் இப்படிப் பேசினாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். பிறகு அவளே சிரித்துக்கொண்டு, “மேடம், இப்ப நீங்களும் பொறுப்புல இருக்கீங்க. நோட்டுல இருக்க விதி ஞாபகம் இருக்குல்ல?” என்றாள்.

நாற்பத்தாறு வயதில் பம்புசெட் கிணற்றில் இறங்கி நீச்சல் பழகினேன். வீட்டில் அடித்த கிண்டலைச் சொல்லி மாளாது. பிப்ரவரியில், கண்மாய்த் தண்ணீர் குறைவதற்குள், சுடிதாரோடு ஒற்றைப் படகில் ஏறி உட்கார்ந்தேன். சுற்றி மாணவர்கள், கொஞ்சம் தள்ளி டியூப்பில் குத்தகைக்காரர். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நானே சொன்னேன், “கவுத்துங்கடா.”

உள்ளே காது அடைத்தது. முட்டியை மடக்கிக் கயிற்றைச் சுண்டினேன். கால் வந்துவிட்டது. கலங்கிய பச்சைத் தண்ணீரில் கண்ணைத் திறந்தபோது, என்னைச் சுற்றிலும் கைகள். என்னைத் தொடாமல், நான் தவறினால் அந்த நொடியே பிடித்துவிட வாகாக, எட்டுப் பத்துக் கைகள் விரித்தபடி காத்திருந்தன. அன்றைக்குக் கரை மேலிருந்து வீடியோ பிடித்தபோதும் இந்தக் கைகள் இப்படித்தான் தண்ணீருக்கடியில் இருந்திருக்கும். இப்போதும் யாரைப் பற்றியாவது ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று வாய் வரைக்கும் வரும்போது, மேலிருந்து எனக்குத் தெரியாமல் போன அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானிக்கிறேன்.