எண்ணெய் இஞ்சினா, அணு இஞ்சினா: டயகமவிலிருந்து நுவரெலியா போய்ப் பார்த்து வந்தது

டயகம பக்கமிருந்து பஸ்ஸிலும் ரயிலிலுமாக நுவரெலியா போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தாளில் எழுதிக் கொடுத்ததைப் பேத்தி இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். நான் சொல்லும் பயணம் 1961இல், சித்திரை வருஷப்பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஊர் சுற்றப் போகவில்லை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு எந்த இஞ்சினில் கரண்டு எடுப்பது என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு காரியத்துக்கு ஒரு பொம்பளையை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் எங்கள் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது கொழுந்தைத் தூளாக்கும் ஃபேக்டரிக்கு, வெளியிலிருந்து கம்பியில் கரண்டு வந்துவிட்டது. அதுவரை ஸ்டோரை ஓட்டிய டீசல் இஞ்சின் சும்மா கிடந்தது. லயம் வரைக்கும் அந்தக் கம்பியை இழுக்க முடியாது, பழைய இஞ்சினை வேண்டுமானால் தருகிறேன், விளக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை. ஆனால் அதை வைக்கிற இடம் பிள்ளைக்காம்பராவின் பின்சுவர். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. என் மகள் புஷ்பம் பகல் முழுக்க அங்கேதான் கிடப்பாள், ராத்திரி நாங்கள் படுக்கிற காம்பராவும் அதை ஒட்டித்தான். அவளுக்கு மூச்சிழுப்பு. டீசல் புகை அந்தச் சுவரை ஒட்டிக் கிளம்பினால் அவள் தாங்கமாட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ மறுபடியும் குப்பி லாம்புதான். அந்த மண்ணெண்ணெய்ப் புகையும் அதே நெஞ்சுக்குள்தான் போகிறது.

சங்கத் தலைவர் சாமிக்கண்ணு என் கூடப்பிறந்த அண்ணன். பேப்பர் படிக்கிறவர். அணு இஞ்சின் வரப்போகிறது, புகையே கிடையாது, தொரை கழிக்கிற பழைய இரும்பு நமக்கு எதற்கு, பொறுப்போம் என்று லயத்தில் பாதிப் பேரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் புல்லை வெட்டி அணு இஞ்சினுக்கு இடம் ஒதுக்கி, சூடமும் காட்டியாகிவிட்டது. தொரைக்குத் திங்கட்கிழமை பெரட்டில் பதில் சொல்ல வேண்டும். பெரட்டு என்றால் காலையில் ஆள் சேர்த்து வேலை பிரிக்கிற இடம். நுவரெலியாவில் மின்சாரப் பொருட்காட்சி நடக்கிறது, அதில் அணு இஞ்சின் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் கிளம்பினார். பெண்கள் என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே திருப்பிச் சொல்லுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சிரித்தார். "எழுத்துக்கூட்டத் தெரியாதவ இஞ்சின் பாத்துட்டு வரப்போறாளாம். வந்ததும் தொரை நாற்காலியில உக்கார வச்சிருவோமா?" என்றார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்தப் பேச்சை நான் இன்னும் மனசிலிருந்து விடவில்லை.

விடியலில் டயகம பஸ். தலவாக்கலைக்குப் பதினைந்து மைலுக்குக் குறையாது, வளைவுக்கு மேல் வளைவு. டிக்கட் அறுபது சதம். அக்கரபத்தனையில் கூட்டம் ஏறியதும் கண்டக்டர் சிங்களத்தில் "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னால் தள்ளினார். லிந்துலைக்கு வரும்போது என் தலை டிரைவரின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. வயிறு புரட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், ரொட்டி ஒன்று தின்றுவிட்டு ஏறுங்கள்.

தலவாக்கலையில் ரயிலைப் பிடித்தோம். வட்டகொடை தாண்டினால் இடதும் வலதும் தேயிலைதான், நாங்கள் போட்ட தேயிலை. அதைப் பார்க்க வெள்ளைக்காரர் காசு கொடுத்து வருகிறார்கள் என்று அப்போதே எனக்கு ஒரு மிதப்பு. எங்கள் ரயில் கரி வண்டி. மலையில் குகைக்குள் நுழையும்போது ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். என் ஜன்னல் பாதியில் மாட்டிக்கொண்டது. வெளியே வந்தபோது சேலையின் தோள் பக்கம் கறுத்திருந்தது.

"பாத்தியா? கரின்னா இதுதான்" என்றார் அண்ணன். "அணு வந்தா இந்தக் கருமம் இல்ல."

"கரிதாண்ணே நம்மள மலையேத்தி இழுத்துட்டுப் போகுது. எறங்கி நடக்கிறீங்களா?" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த மரக்கறிக்காரம்மா சிரித்துவிட்டார். அண்ணன் பேப்பரை விரித்து நானுஓயா வரும்வரை முகத்தை மறைத்துக்கொண்டார்.

நானுஓயாவிலிருந்து மறுபடியும் பஸ். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே கரியில் ஓடும் கொதிகலன், எண்ணெய் இஞ்சின், கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அணு நிலையம். அட்டையிலும் தகரத்திலும் செய்த பொம்மைதான். உள்ளே சின்ன பல்புகள் மினுக்கின. விளக்கம் சொல்ல யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஒருவர் நின்றார், இளவயது.

அண்ணன் நேராகப் பெட்டிக்குப் போனார். "ஐயா, இது மாதிரி சின்னதா ஒண்ணு தோட்டத்துக்கு எப்ப வரும்? நாங்க எடமெல்லாம் வெட்டி வச்சிருக்கோம்."

இஞ்சினியர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணை, ஒரு தோட்டத்துக்கு எண்டு இதைக் கட்டேலாது. ஒரு பட்டணத்துக்கே காணும் அளவிலதான் கட்டுவினம். கட்டி முடிக்கக் கன வருஷம், கன காசு. எங்கட நாட்டில இன்னும் இல்லை."

நான் கேட்டேன், "பொகையே வராதுங்கிறது நெசமாங்க?"

"உண்மைதான் அக்கா. கரி மாதிரிப் புகைக்காது. லொறி லொறியாக் கரி செய்யிற வேலையைக் கொஞ்ச உலோகம் செய்துபோடும்."

"அப்ப சாம்பல்? எங்க ஸ்டோர் அடுப்புச் சாம்பல நாங்க அள்ளிட்டுப்போயி மரக்கறிப் பாத்தியில போடுவோம்."

"இதின்ர சாம்பலுக்குக் கிட்டவும் போகக் கூடாது. எரிஞ்ச பிறகுதான் அது பொல்லாதது. தண்ணிக்குள்ள ஆறவிட்டு, பிறகு பூட்டி வைக்கோணும். உங்கட பிள்ளையின்ர பிள்ளைக்குப் பிறகும் காவல் வேணும்."

"யாருங்க காவல் நிப்பா?"

"அதைத்தான் இன்னும் யோசிச்சுக்கொண்டு இருக்கினம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். நல்ல மனுஷன்.

எண்ணெய் இஞ்சினைப் பற்றியும் மறைக்கவில்லை. நினைத்த நேரம் கிளப்பலாம், நினைத்த இடத்தில் வைக்கலாம், பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக் போதும். ஆனால் எண்ணெய் கப்பலில் வர வேண்டும், பிறகு லாரியில் வர வேண்டும், ரோடு சரிந்தால் இருட்டுதான். புகையும் சத்தமும் பக்கத்தில் இருக்கிறவர்கள் தலையில். கரியும் அப்படியே, இன்னும் அழுக்கு.

அப்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னேன். பிள்ளைக்காம்பரா, பின்சுவர், புஷ்பத்தின் இழுப்பு.

"உங்கட பக்கம் காத்து எங்கயிருந்து அடிக்கும்?" என்று கேட்டார்.

"மழை மாசத்துல மேக்கால இருந்து. லயத்துல இருந்து ஓடைப் பக்கமாப் போகும்."

"அப்ப இஞ்சினை ஓடைக்கு அங்கால வையுங்கோ. புகைக்குழாயை உயர்த்திவிடச் சொல்லுங்கோ. கரண்டு கம்பியில வரும்தானே, கம்பிக்கு இருமல் வராது அக்கா."

இவ்வளவுதான் நான் தெரிந்துகொண்டு வந்தது. திரும்பும் ரயிலில் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "லயத்துல என்னத்த சொல்றது? சூடமெல்லாம் காட்டிட்டேனே" என்றார். "அம்மனுக்குக் காட்டுனதா இருக்கட்டும்ணே" என்றேன்.

திங்கட்கிழமை பெரட்டில் தொரை கேட்டார். கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, "சனங்களுக்கு இஞ்சின் வேணாமாம், தொரை" என்று எங்களுக்காகப் பதில் சொன்னார். அவர் வீட்டுக்கு ஸ்டோர் கரண்டு ஏற்கெனவே வந்திருந்தது.

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். "இஞ்சின் வேணும் தொரை. பிள்ளைக்காம்பரா பக்கத்துல வேணாம். ஓடைக்கு அந்தப் பக்கம் வைங்க. கொழாய ஒசத்துங்க."

தொரைக்குத் தமிழ் அரைகுறையாக வரும். "கம்பி நெறைய வேணுமே" என்றார்.

"ஆமாங்க. பிள்ளைங்களும் நெறைய இருக்குங்க."

எனக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கணக்கப்பிள்ளை அண்ணனைப் பார்த்து, "என்னப்பா தலைவரே, உன் அணு இஞ்சின் என்னாச்சு?" என்று குத்தினார். அண்ணன் நினைத்திருந்தால் வீம்புக்கு மறுத்திருக்கலாம். அவர் எல்லாருக்கும் கேட்க, "அது நமக்கு வராது, நான் போய்ப் பாத்துட்டேன். என் தங்கச்சி சொன்னதுதான் சங்கத்து முடிவு" என்றார். தொரை ஓடைக்கரை வரை நடந்து போய்ப் பார்த்தார். பிறகு சரியென்றார்.

வைகாசி முடிவதற்குள் இஞ்சின் ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறியது. குறை இல்லாமல் இல்லை. ஆடி மழையில் ரோடு சரிந்து லாரி வராமல் போனபோது லயம் பழையபடி இருண்டது. சத்தம் காதைத் தின்றது. ஆனால் புகை எங்கள் பக்கம் வரவில்லை.

இப்போது டீவியில் கரியா, அணுவா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். கரியும் எண்ணெயும் இன்றைக்கே வேலை செய்யும், இன்றைக்கே நெஞ்சையும் அடைக்கும். அணு நெஞ்சை அடைக்காது, பொறுப்பைப் பேரப்பிள்ளை தலையில் வைத்துவிட்டுப் போகும். எதைக் கட்டினாலும் அதன் பக்கத்தில் யாருடைய பிள்ளை படுத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

போகிறவர்களுக்கு: தலவாக்கலையில் ரயில் பிந்தும், கையில் சாப்பாடு இருக்கட்டும். நானுஓயாவில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடிக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூடிக் கட்டுங்கள். கரி வண்டி இப்போது இல்லை, ஜன்னலைத் திறந்தே வைக்கலாம்.

குப்பி லாம்பு எரிகிற காம்பராவில் காலையில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. பல்பு எரிந்த முதல் ராத்திரிக்கு மறுநாள் புஷ்பத்தின் மூக்கைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளைக்கு முன்னால் விரித்துக் காட்டினேன்.

"என்னா இது? ஒண்ணுமில்லையே" என்றார்.

"ஆமாங்க. ஒண்ணுமில்ல, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினேன்.