ஐந்து குண்டுகளும் ஒரு தாளும்

எட்டாம் வகுப்பில் என் வாழ்க்கை லட்சியம் ஒழுங்காகக் குப்புறப் படுப்பதுதான். பெரியப்பா மகளான அக்காவும் நானும் பொள்ளாச்சியில் ஒரே பள்ளியில் தேசிய மாணவர் படையில் இருந்தோம். டெல்லியில் நடக்கும் துப்பாக்கி சுடும் முகாமுக்கு ஒரே ஒரு பெண்தான் போகலாம். அக்காதான் போவாள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் அழுதுகொண்டிருந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, அக்கா எனக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். கொப்பரை காயும் மொட்டைமாடியில் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வைத்து, ஒட்டடைக்குச்சியைத் துப்பாக்கியாகப் பிடிக்கச் சொல்வாள்.

"கையில பலம் குடுக்காத கண்ணு. மொழங்கையத் தரையில ஊனிக்க. இப்பக் கண்ண மூடி மூச்ச உடு. தொறந்து பாரு. குறி தள்ளிப் போயிருந்தா கைய நவுத்தாத, இடுப்போட ஒடம்ப நவுத்து."

உடம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ குண்டும் அந்தப் பக்கம்தான் போகும் என்பது அவள் கட்சி. நான் வெறுமனே தலையாட்டி வைத்தேன்.

தேர்வு நாளில் அக்கா எனக்குப் பக்கத்தில் படுத்தாள். ஐம்பது மீட்டர் தள்ளி, மண்மேட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு தாள். ஆளுக்கு ஐந்து குண்டு. அக்கா கோணலாகப் படுத்திருந்தாள். பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் வந்து அவள் ஷூவைத் தட்டி நேராக்கினார். அவர் நகர்ந்ததும் பழையபடி கோணிக்கொண்டாள். இவளுக்கே படுக்கத் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூரக் குஷி. முதல் வெடிச்சத்தம் கேட்டதும் அந்தக் குஷி போய்விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு என் ஐந்தையும் சுட்டுத் தீர்த்தேன்.

என் தாளின் நடுவில் ஐந்து ஓட்டைகள். ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். அக்காவின் தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏனம்மணி, உன்ற குண்டையெல்லாம் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று பெரியப்பா அன்று முழுவதும் அவளை ஓட்டினார். நான் தாளை பீரோ கதவில் ஒட்டினேன். அதோடு விட்டேனா? அக்காவுக்கே புத்தி சொன்னேன்.

"கையில பலம் குடுக்கக் கூடாதுக்கா, ஒடம்பத்தான் நவுத்தோணும்."

"செரிங்க அம்மணி" என்று சிரித்தாள்.

டெல்லியில் நான் சுட்ட எதுவும் தாளைத் தொடவில்லை. திரும்பி வந்து, அங்கே கொடுத்த துப்பாக்கி சரியில்லை என்றேன். "இருக்கும் கண்ணு" என்றாள் அக்கா.

கல்லூரியில் நான் உண்மையாகவே சுடக் கற்றுக்கொண்ட பிறகுதான் விளங்கியது. தவறிப்போய் ஒரு குண்டு பக்கத்துத் தாளில் விழலாம். ஐந்தும் ஒரே இடத்தில் விழ வேண்டுமென்றால் உடம்பையே அந்தத் தாளைப் பார்த்துத் திருப்பிப் படுத்திருக்க வேண்டும். என்னுடைய ஐந்தும் அந்த மண்மேட்டில் எங்கோ புதைந்து கிடக்கின்றன. பீரோ கதவை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் அழுததை வீடே பார்த்தது. அக்காவுக்கும் டெல்லிக்குப் போக ஆசை இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு அன்று தோன்றவே இல்லை.