அவுரி பூசிய தலையும் சித்திரை வெயிலும்

என் வீட்டுக்காரருக்கு இருபத்தைந்து வயதிலேயே தலை முழுவதும் நரைத்துவிட்டது. கல்யாணத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியவரை என் சித்தி மாப்பிள்ளையின் தகப்பனார் என்று நினைத்துவிட்டாள். சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "வாங்க சம்பந்தி" என்றாள். அவர் சந்தனத்தைத் தொட்டுப் பூசிக்கொண்டு, "மகன் பின்னால வாரான். அவனையும் நல்லாக் கவனிங்க" என்றாராம். பந்தலே சிரித்தது. உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு விஷயம் தெரியாது. இப்படிச் சிரிக்க வைக்கிற மனுஷன் யார் என்று மட்டும் நினைத்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தோம். அவர் மம்சாபுரம் பக்கத்துத் தோட்டங்களில் கமலை இறைக்கப் போவார். மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருகிற வேலை. மழை பெய்தால் இறைக்க வேண்டியதில்லை. மழையே இல்லாவிட்டால் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆக, வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். அந்தச் சமயத்தில்தான் ஊரில் புதிதாக ஒரு நூல் மில் எழும்பியது. ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். வருஷம் முழுக்க வேலை, தலைக்கு மேல் கூரை. எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம், முதல் பிள்ளை. அந்த வேலை கிடைத்தால் போதும், வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று சாமியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை என்று ஒரு பேச்சு. அவருக்கு இருபத்தொன்பது. ஆனால் அதற்குச் சாட்சி யார்? அவர் போய் நின்றபோது, மில் கேட்டில் ஆள் பொறுக்கிய மேஸ்திரி முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். தலையைப் பார்த்தார், அவ்வளவுதான். "பெரியவரே, வெயில்ல நிக்காதீக. அந்தா, அந்த நெழல்ல போயி உக்காருங்க" என்றாராம். வரிசையில் நின்ற ஒருவன், "பேரனுக்கு வேலை கேக்க வந்தீகளோ?" என்று வேறு கேட்டிருக்கிறான். இதையெல்லாம் அவர் வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னார். ஆனால் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாளே நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டேன். முதல் நாள் மருதாணி, அடுத்த நாள் அவுரி, இப்படிப் பூசினால் நரை கறுத்துவிடும் என்று சித்தி சொல்வாள். மருதாணி எங்கும் கிடைக்கும். அவுரி இலைப் பொடி, தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில்தான் நன்றாக இருக்கும் என்றாள். எனக்கோ கடைக்குப் போய் ஒரு சாமான் கேட்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரியாத ஆம்பிளைகளிடம் பேசிப் பழக்கமே இல்லை. பொடியின் பேரைச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.

"யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரருக்கு என்று சொல்ல எப்படியோ இருந்தது. "எனக்குத்தான்" என்றேன்.

அவர் என் சடையைப் பார்த்தார். அப்போது அது இடுப்புக்குக் கீழே தொங்கும். "ஒனக்கா? காக்கா எறகு மாதிரி இருக்கு. இதுக்கு மேல எங்க கறுக்கணும்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். "ஏம்மா, பக்குவத்தக் கேட்டுட்டுப் போ! பூசுன பொறவு..." என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக் கொல்லையில் அவரை ஒரு பலகையில் உட்கார வைத்து, முதல் நாள் மருதாணியும் மறுநாள் அவுரியும் பூசினேன். காய்ந்துவிடாமல் இருக்க வாழையிலையைச் சுற்றிக் கட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அய்யய்யோ, ஏமி இதி! தலையில என்ன, கொழுக்கட்டை அவிக்கியா?" என்றார். இலைக்குள்ளிருந்து, "வெந்ததும் ஒங்களுக்கும் ரெண்டு தாரோம்க்கா" என்று பதில் போனது.

கழுவித் துடைத்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி, இது யாரு?"

"பின்னால வாரான்னு சொன்னீகளே, அந்த மகன்" என்றேன். அவரிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

மேஸ்திரி அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் ஆள் பொறுக்குவார் என்று தெரிந்தது. நடுவில் மூன்று நாள் அவர் கமலைக்குப் போனார். சித்திரை வெயில். மூன்றாம் நாள் வந்து நின்றபோது தலை காய்ந்த தேங்காய் நார் மாதிரி இருந்தது. கறுப்பு போய்ச் செம்பட்டை அடித்து, முடி முறுகிப் போயிருந்தது. தோட்டத்தில், "கமலைக்கு ஒரு செவலைக் காளை கூடுதலாக் கெடச்சிருக்குடோய்" என்று கூப்பாடு போட்டிருக்கிறார்கள். பூசுவது பெரிதில்லை, பூசியதை வெயிலிலிருந்து காப்பாற்றுவதுதான் பெரிது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. திங்கட்கிழமை எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டுமோ தெரியாது.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். தண்ணீர் அள்ளக் கமலையில் கட்டும் தோல் பை வெயிலில் வெடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் போடுவார்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே போட வேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கும். "மாட்டுத் தோலையே காப்பாத்துது. என் தலையக் காப்பாத்தாதா?" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவுரி பூசி, திங்கட்கிழமை விடியும் நேரத்தில் அலசி, முடியில் ஈரம் காய்வதற்கு முன்பே கை நிறைய விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். தலை கறுகறு என்று மின்னியது. அதற்கு மேல் நனைத்த துண்டு ஒன்றைக் கட்டிவிட்டேன். வெளுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

துண்டு காய்ந்துவிடுமே என்று நானும் போனேன். மில் கேட்டுக்கு எதிரே ஒரு வாகை மரம். அதன் அடியில் தண்ணீர்ப் பானையும் இன்னொரு துண்டுமாக உட்கார்ந்தேன். வரிசையில் நூறு பேருக்கு மேல் இருக்கும். துண்டு காய்ந்ததும் பின்னால் நிற்பவனிடம் இடம் சொல்லிவிட்டு வருவார். நான் நனைத்த துண்டைக் கொடுத்துக் காய்ந்ததை வாங்கிக்கொள்வேன்.

"என்னப்பா, தலைக்குத் தண்ணி ஊத்தி வளக்காகளா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா, கீரை போட்டிருக்கு" என்றார் அவர்.

மூன்றாவது தடவை வாங்கிய துண்டைப் பானையில் முக்கிப் பிழிந்தேன். தண்ணீர் அவுரியின் நீலமாக வந்தது. விரித்துப் பார்த்தால் துண்டெல்லாம் நீலம். எண்ணெய் சாயத்தை இழுத்துக்கொண்டு இறங்குகிறது என்று புரிந்தது. கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்ல வந்தது இதைத்தான். எண்ணெய் படக் கூடாது என்பதைத்தான். நான் நின்று கேட்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்காரர் மேஸ்திரிக்கு முன்னால் போய்விட்டிருந்தார்.

"தலத்துண்ட எடுல" என்றார் மேஸ்திரி. பெரியவர்கள் முன்னால் தலையில் துண்டோடு நிற்கிற வழக்கம் எங்கே உண்டு? அவர் எடுத்து இடுப்பில் கட்டினார். காதுக்குப் பின்னாலிருந்து இரண்டு நீலக் கோடுகள் கழுத்து வழியே இறங்கிச் சட்டைக் காலரில் பரவின. அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள்.

எப்படி ஓடினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. அத்தனை ஆம்பிளைகள் நடுவே போய், கையிலிருந்த துண்டால் அவர் கழுத்தைத் துடைத்தேன். அந்தத் துண்டே நீலம். கழுத்தில் இருந்தது கன்னத்துக்கும் ஏறியது. வரிசை முழுக்க ஓ என்று கத்தியது.

"என்னம்மா இது?" என்றார் மேஸ்திரி.

"அவியளுக்கு இருவத்தொம்பதுதாங்க. நரைதான் முந்தி வந்திருச்சு. சாயம் பூசுனது நாந்தான், எண்ணெ வச்சதும் நாந்தான். அவியள வையாதீக" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவரைக் குழாயடிக்குப் போய்த் தலையைக் கழுவிவரச் சொன்னார். அவர் திரும்பி வந்தபோது தலையில் கறுப்பு, செம்பட்டை, வெள்ளை மூன்றும் இருந்தன. மேஸ்திரி தலையைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னார். வடம் பிடித்துக் காய்த்த கை.

"கமலையா?"

"ஆமாங்க."

"நடு வெயில்ல கமலை ஓட்டுதவனுக்கா வயசாயிருச்சு? ஏல, உள்ள போ. கெழவனா இருந்தா இந்தப் பிள்ள இப்படி ஓடி வருமா?"

வரிசை மறுபடி கத்தியது. அவர் உள்ளே போனார். நான் பானையை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றவரின் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே பறக்கிற பஞ்சு. "வேலை பாக்குத அம்புட்டுப் பேரும் பெரியவருதான்ட்டி. மேஸ்திரி உள்பட" என்றார். உட்கார வைத்துத் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆ" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி, அது பஞ்சு இல்ல. அது என்னோடது."